சுவருக்கு அப்பால் யார்?

"வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் தோட்டா நல்லது?"

அரிசிக் கடையில் ரகம் விசாரிப்பது போல ஒருவர் இதைக் கேட்டதை நான் பார்த்தது அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், நெடுஞ்சாலையோரத் துப்பாக்கிக் கடை ஒன்றில். கேட்டவர் என்னைப் போலவே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த கறுப்பினத் தோழி. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லை எப்படி உருவாகிறது, எப்படிக் காக்கப்படுகிறது என்பது என் ஆய்வு. வெள்ளையர் குடியிருப்புகளில் கறுப்பர் வீடு வாங்க முடியாமல் எப்படித் தடுத்தார்கள் என்பது அவருடையது. எட்டு மாதம் அங்கே இருந்தேன். ஒரே பெட்டிக் கோப்புகளை மாற்றி மாற்றிப் படித்துப் பழக்கமானவர்கள் நாங்கள்.

அவருடைய வீட்டு வாசற்கதவுக்கு அடியில் மூன்று முறை காகிதம் செருகப்பட்டிருந்தது. அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். நம் ஊரில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு இணையாக அங்கே ஒரு சொல் உண்டு, அது இருந்தது. அவர் இரவில் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார் என்பதும் இருந்தது. புகார் கொடுத்தார். காவலர் ஒருவர் வந்து குறித்துக்கொண்டு போனார். மூன்றாவது காகிதத்துக்குப் பிறகு, இறந்துபோன தன் அப்பாவின் ரைபிளைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஏஆர்-15 வகை. தோட்டா இல்லை. துணைக்கு வருகிறாயா என்று கேட்டார், போனேன்.

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். ராணுவத்தில் இருந்தவர் என்று தொப்பி சொன்னது. அவர் என்ன நினைப்பாரோ என்று நான்தான் பதறிக்கொண்டிருந்தேன். அவரோ எந்தப் பெட்டியையும் எடுக்காமல் கேள்வி கேட்டார். தனி வீடா, அடுக்ககமா? சுவர் எதனால் ஆனது? அந்தச் சுவருக்கு அப்பால் யார் படுத்திருக்கிறார்கள்?

தோழிக்குப் பதில் தெரியவில்லை. இரட்டை வீடு, பக்கத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளை எந்த அறையில் தூங்குகிறது? தெரியாது.

கடைக்காரர் சொன்னதும் நான் பிறகு படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் நம் செங்கல் சுவர் அல்ல. மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்து, நடுவில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஓங்கிக் குத்தினால் கை உள்ளே போகும். மனித உடலைத் தடுத்து நிறுத்தும் வேகமுள்ள எந்தத் தோட்டாவும் அந்தச் சுவரைத் துளைக்கும். இதில் விதிவிலக்கு கிடையாது. துளைத்த பிறகு அந்தக் குண்டு என்ன ஆகிறது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

பயிற்சிக்கு வாங்கும் மலிவான தோட்டாக்களில் ஈயக் குண்டின் மேல் முழுக்கச் செம்பு உறை போர்த்தியிருக்கும். அது நேராகப் போய்க்கொண்டே இருக்கக்கூடியது. முனையில் பச்சைச் சாயம் பூசிய ராணுவ வகை ஒன்று உண்டு, அதற்குள் எஃகுத் துண்டு இருக்கும். தடுப்புகளைத் துளைப்பதற்கென்றே செய்தது, வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. பார்க்க மிரட்டலாக இருப்பதால் இளைஞர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். வீட்டுக்கு என்றால் முனை குழிந்த குண்டோ, முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டோ வேண்டும். உடலில் பட்டதும் விரியும் அல்லது உடையும், வேகத்தை அங்கேயே இழக்கும். ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளப்பார்கள்; 12 முதல் 18 அங்குலம்வரை போனால் போதும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை வைத்த அளவு. 223 ரெமிங்டன் என்று சொல்லும் சிறிய, வேகமான ரைபிள் குண்டு சுவரில் பட்டதும் புரண்டு சிதறத் தொடங்கும். அதனால் பல சோதனைகளில், கைத்துப்பாக்கியின் உறைபோட்ட குண்டைவிட அது சுவர்களுக்கு அப்பால் குறைவான ஆபத்தோடு போயிருக்கிறது. ரைபிள் என்றால் சுவரெல்லாம் பறந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு இது வியப்பு. ஆனால் குறைவான ஆபத்து என்றுதான் சொல்கிறார்கள், ஆபத்தில்லை என்று யாரும் சொல்லவில்லை. குறி தவறிய குண்டு உடலையே சந்திப்பதில்லை. அது நேராக அடுத்த அறைக்குப் போகிறது.

மூடிய அறைக்குள் ரைபிள் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும், காது நிரந்தரமாகக் கெடலாம். எந்தத் தோட்டாவை வாங்கினாலும் அதே வகையைத் தன் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும், சிக்காமல் ஓடுகிறதா, குறி மாறுகிறதா என்று. கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அன்று அவர் எங்களுக்கு விற்ற சரக்கு குறைவு, சொன்னது அதிகம்.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் தோட்டா பற்றி ஏன் இத்தனை வரி என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் நம் இளைஞர்களிடம் ஒரு பேச்சு எழுகிறது: சேரிக்குத் துப்பாக்கி உரிமம் கொடு. பாபாசாகேப் படத்துக்குப் பக்கத்தில் ரைபிள் படத்தை ஒட்டி ரீல்ஸ் வருகிறது. அதைப் பார்த்து நகைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோபத்துக்குக் கீழே இருக்கும் அச்சம் உண்மையானது. ஆனால் அந்தப் பேச்சில் கடைக்காரர் கேட்ட கேள்வி வருவதே இல்லை.

முதலில், ஆயுதம் மறுக்கப்பட்டது வரலாறு என்பதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். நால்வருண அமைப்பில் சூத்திரருக்கும் தீண்டப்படாதோருக்கும் கல்வி மறுக்கப்பட்டதோடு ஆயுதமும் மறுக்கப்பட்டது, அதனால்தான் இங்கே கலகம் மூளவில்லை என்பது 1936இல் அம்பேத்கர் சாதி ஒழிப்பு நூலில் வைத்த வாதம். அமெரிக்காவிலும் அதே கதைதான். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அனுமதி பெறாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்றதோடு நிற்கவில்லை, தோட்டாவும் வைக்கக் கூடாது என்று தனியாக எழுதினார்கள். எஜமானர்களுக்குத் தோட்டாவின் அருமை தெரிந்திருக்கிறது. கறுப்பர்கள் அடித்துக் கொல்லப்பட்டதை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ரைபிளுக்கு மதிப்பான இடம் வேண்டும் என்று 1892இல் எழுதினார். அகிம்சையின் முகமாக நாம் அறிந்த மார்ட்டின் லூதர் கிங், 1956இல் தன் வீட்டில் குண்டு வெடித்த பிறகு கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். அலபாமாவில் அவருக்கு மறுத்துவிட்டார்கள்.

1967இல் கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியாவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கிகளோடு போனார்கள். பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் முல்ஃபோர்டு சட்டத்தில் அதே ஆண்டு ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமையின் காவலர்களாக இன்று பேசும் தேசிய ரைபிள் சங்கத்தார் அன்று அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். நம்மவர்கள் அந்தச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் நாம்தேவ் தசால், ராஜா டாலே, ஜெ.வி. பவார் போன்றவர்கள் மும்பையில் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியபோது பெயர் வந்தது, துப்பாக்கி வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது கவிதையும் துண்டறிக்கையும்.

என் தோழியின் ஆய்வில் வரும் ஒரு வழக்கை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் நகரம், 1925. ஆசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் கார்லண்ட் தெருவில் 18,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். வெள்ளையர் பகுதி. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் அதே நகரத்தில் இன்னொரு கறுப்பின மருத்துவரைக் கும்பல் கூடி, வீட்டை எழுதி வாங்கி விரட்டியிருந்தது. ஸ்வீட் குடிவருவது தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? அந்த வட்டாரத்தின் மேம்பாட்டுச் சங்கம். (நம் ஊரில் பொது நலச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு சுடுகாட்டுப் பாதையை அடைப்பவர்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

செப்டம்பர் 8ஆம் தேதி ஸ்வீட் குடிவந்தார். தட்டுமுட்டுச் சாமான்களோடு பத்துத் துப்பாக்கிகளும் ஏறத்தாழ 400 தோட்டாக்களும் வந்தன. கைக்குழந்தையை மனைவி கிளாடிஸின் பெற்றோரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் இரவு தெருவில் கூட்டம் சேர்ந்தது, காவலர்களும் நின்றார்கள். கல் வந்து விழுந்தது, ஜன்னல் உடைந்தது. மேல்மாடியிலிருந்து சுட்டார்கள். எதிர்ப்புறம் நின்ற லியோன் பிரைனர் என்ற வெள்ளையர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். வீட்டிலிருந்த 11 பேரும், கிளாடிஸ் உட்பட, கொலை வழக்கில் கைதானார்கள்.

வழக்கில் அரசுத் தரப்பு சொன்னது: கும்பலே இல்லை. தெருவில் ஏதோ சிலர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் இத்தனை துப்பாக்கி, இத்தனை தோட்டா. ஆகவே இது முன்கூட்டித் திட்டமிட்ட கொலை. எண்ணி வைத்த தோட்டாதான் சதிக்குச் சாட்சி என்றார்கள். வெளியே எறியப்பட்ட கல்லை எண்ண அரசுத் தரப்பில் ஆளில்லை.

கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் நாடு முழுக்க நிதி திரட்டி, கிளாரன்ஸ் டாரோ என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரை அமர்த்தியது. டாரோ செய்த முக்கியமான காரியம், ஸ்வீட்டைக் கூண்டில் ஏற்றி அவருடைய அச்சத்தின் வரலாற்றைச் சொல்ல வைத்தது. சிறுவனாக இருந்தபோது புளோரிடாவில் ஒரு கறுப்பர் எரிக்கப்பட்டது, நகரங்களில் நடந்த இனக் கலவரங்கள், விரட்டப்பட்ட சக மருத்துவர், எல்லாமே அந்த இரவில் ஜன்னலோரம் நின்ற மனிதனின் மனதில் இருந்தன என்றார். ஒருவருடைய அச்சம் நியாயமானதா என்று தீர்ப்பளிக்க வேண்டுமானால் அவருடைய இனம் பட்டதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது வாதம். நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி அதை அனுமதித்தார். முழுக்க வெள்ளையர்களே அமர்ந்த ஜூரி முதல் விசாரணையில் முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. இரண்டாவது விசாரணையில், 1926 மே மாதம், சுட்டதை ஒத்துக்கொண்ட தம்பி ஹென்றி ஸ்வீட் விடுவிக்கப்பட்டார். மற்றவர்கள் மீதான வழக்கு 1927இல் கைவிடப்பட்டது.

நம் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தோடு கைதட்டி முடித்துவிடுவார்கள். பிறகு நடந்ததும் உண்டு. குழந்தை ஐவா 1926இல் காசநோயில் இறந்தாள், 1928இல் அதே நோயில் கிளாடிஸும். ஹென்றியும் பின்னால் காசநோயால்தான் இறந்தார். ஆசியன் ஸ்வீட் 1960இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அடுத்து வருவது நேற்று நடந்தது மாதிரி. 2020 மார்ச் 13, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில். நள்ளிரவு தாண்டி, மருத்துவ அவசர உதவிப் பணியாளர் பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவைக் காவலர்கள் உடைத்தார்கள். அவருடைய காதலர் கென்னத் வாக்கர் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தவர். யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு முறை சுட்டார். ஒரு காவலரின் தொடையில் பட்டது. காவலர்கள் 32 முறை சுட்டார்கள். டெய்லர் இறந்தார், வயது 26. வாக்கர் மீது கொலை முயற்சி வழக்கு. தன் வீட்டைக் காக்கச் சுடலாம் என்று ஊரெல்லாம் பேசும் நாட்டில், தன் வீட்டைக் காக்கச் சுட்டவர் சிறைக்குப் போனார். அந்த வழக்கு முற்றிலுமாகத் தள்ளுபடியாக ஓராண்டு ஆனது.

செப்டம்பரில் மாநிலப் பெருநடுவர் குழு மூவரில் ஒரே ஒரு காவலர் மீது குற்றம் சாட்டியது. எதற்காக? அவர் சுட்ட குண்டுகள் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போயின, அங்கிருந்த மூவரின் உயிருக்கு ஆபத்து விளைவித்தார் என்பதற்காக. டெய்லரின் உடலில் பாய்ந்த குண்டுகளுக்கு அந்தக் குழு யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. அந்த ஒரு வழக்கிலும் 2022இல் அவர் விடுவிக்கப்பட்டார். பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்தில், 2024இல்தான், டெய்லரின் குடிமை உரிமையை மீறியதாக அதே காவலர் தண்டனைக்குரியவர் எனத் தீர்ப்பு வந்தது. என் தோழி இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. "சுவருக்குக் கிடைத்த வழக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை" என்றார்.

இனி நம் ஊர். வீட்டைக் காப்பதற்கான சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு. மனிதர் குடியிருக்கும் இடத்துக்குத் தீ வைக்க வருபவரைத் தடுக்கையில் அவருக்கு மரணமே நேர்ந்தாலும் அது தற்காப்பு என்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1968 டிசம்பர் 25தான் கண்ணில் நிற்கும். கீழவெண்மணியில் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் நிலவுடைமையாளர்கள். ஒற்றைக் குடிசைக்குள் ஒடுங்கி எரிந்தவர்கள் 44 பேர். அந்தக் குடிசைச் சுவரைத் துளைக்கத் தோட்டாவே தேவைப்படவில்லை. கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதே இரவில் மிராசுதார் தரப்பில் ஒருவர் இறந்ததற்காகத் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். பிகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997இல் 58 பேரைச் சுட்டுக்கொன்ற வழக்கில், கீழமை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் வந்தன. சட்டத்தைப் படித்த அளவுக்கு விதிகளை நம் தோழர்கள் படிப்பதில்லை. மூன்றாம் விதியைத் திறந்து பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தேவையென்று கருதினால் அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களையும்தான். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த உட்பிரிவு, தேவையென்று கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது.

ஆக, சேரிக்கு உரிமம் கொடு என்ற கோரிக்கை ஆத்திரத்தில் பிறந்த கற்பனை அல்ல. விதியில் இருக்கிறது. ஆனால் அது ஐந்தாவது உட்பிரிவு. மூன்றாவது, நான்காவது உட்பிரிவுகள் அதற்கு முன்னால் நிற்கின்றன. நம் இளைஞர்கள் ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் சண்டை. உரிமம் வேண்டுமென்றால் ஆயுதச் சட்டப்படி உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும். நம் புகாரை வாங்க மறுக்கும் அதே நிலையம். கிடைத்தாலும் எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை கையில் வைத்திருக்கலாம் என்பதை உரிமத்திலேயே எழுதித் தருவார்கள். ரீல்ஸில் வரும் ராணுவ வகை ரைபிளுக்குச் சாமானியருக்கு உரிமமே கிடையாது. நாம் ஒன்று வாங்குவதற்குள் நிலமும் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் எத்தனை வாங்குவார்கள் என்று கணக்குப் போட ஆய்வு தேவையில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. துப்பாக்கி எதிரி வரும் இரவில் மட்டும் வீட்டில் இருப்பதில்லை. மீதி எல்லா இரவுகளிலும் இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.7 மடங்கு என்று 1993இல் ஆர்தர் கெல்லர்மனின் குழு எழுதியது, அதுவும் பெரும்பாலும் குடும்பத்தாராலும் தெரிந்தவர்களாலும். அந்த ஆய்வின் முறைமீது விமர்சனங்கள் உண்டு, தெரியும். ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சாதி வெளியேயிருந்து மட்டுமா வருகிறது? மகள் யாரைக் காதலித்தாள் என்று தெரிந்த இரவில் அப்பனுடைய, அண்ணனுடைய கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமா? உரிமம் வீட்டு ஆணின் பெயரில்தான் வரும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே மேல் கீழ் பார்த்துப் பெண்களை அடிக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் அப்பத்தா காலத்தில், ஊரோடு தகராறு முற்றிய ஒரு கோடையில், ஆண்கள் கண்மாய்க் கரையில் முறை வைத்துக் காவல் இருந்தார்களாம். பெண்கள் பொழுது சாய்ந்ததும் கூரை மேல் தண்ணீர் ஊற்றி நனைத்து வைப்பார்களாம். பொதுக் கிணற்றில் இறங்க முடியாது, ஓடைத் தண்ணீர்தான், பதினைந்து நாள். அந்த வெயிலில் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றியதாக அப்பத்தா சொல்லும். யாரும் வரவில்லை. அச்சத்தை எடைபோடும் வேலையை எந்த நீதிமன்றமும் அந்தப் பதினைந்து நாளுக்குச் செய்ததில்லை.

அதனால் நான் கேட்பது ஐந்தாவது உட்பிரிவை அல்ல. மாவட்டத்துக்கு மாவட்டம், வன்கொடுமை நடக்கக்கூடியவை என்று அரசே அடையாளம் கண்ட கிராமங்களில் யார் யாரிடம் உரிமம் இருக்கிறது, மூன்றாவது உட்பிரிவின்படி எத்தனை ரத்து செய்யப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நீங்கள் படிக்கும் கல்லூரி இருக்கிற மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தேரோட்டத்தின் போதும் குருபூசையின் போதும் அதைச் சொல்லத் தெரியாதா?

என் தோழியிடம் இந்தப் பிரசங்கத்தை நான் செய்யவில்லை. செய்யும் தகுதியும் எனக்கில்லை. காகிதம் வந்தது அவர் கதவுக்கு, என் கதவுக்கல்ல. மூன்றாவது உட்பிரிவு போன்ற ஒன்று அந்த நாட்டில் கிடையாது, கேட்கவும் வழியில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தது கடைக்காரரின் அறிவுரை மட்டும்.

அவர் 223இல் மென்முனை கொண்ட, எடை குறைந்த குண்டு உள்ள 20 தோட்டாக்கள் ஒரு பெட்டி வாங்கினார். இன்னொரு பெட்டி பழகிப் பார்க்க. எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று. தோட்டாவைவிட அதுதான் விலை அதிகம். வீட்டுக்கு வந்து ரைபிளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு வருடம் அருகருகே இருந்தும் அவர்கள் பேசியது குப்பைத் தொட்டி பற்றித்தானாம்.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். தோழி காகிதங்களைக் காட்டினார். துப்பாக்கி வைத்திருப்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போய்ப் பிள்ளையின் அறையைக் காட்டினார். கட்டில், தோழியின் படுக்கையறைச் சுவரை ஒட்டியே கிடந்தது. மூன்று பேருமாகப் பிடித்து அதை எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டோம். சுவரில் பிள்ளை ஒட்டி வைத்திருந்த படங்களை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். அவை அங்கேயே இருக்கட்டும் என்றார் தோழி.